மகன் பெயரிலும் வேண்டாம், மகள் பெயரிலும் வேண்டாம்

கேள்வி: நான் அஞ்சல் துறையில் வேலை பார்த்து 2022-ல் ஓய்வு பெற்றவன். வயது 63. மனைவிக்கு 58. மகள் திருமணமாகி பெங்களூரில் இருக்கிறாள், அவளுக்கு ஒரு குழந்தை. மகனுக்கு 29 வயது, பிறவியிலேயே அறிவுசார் குறைபாடு. சொன்னால் குளிப்பான், சாப்பிடுவான். காசுக் கணக்கு தெரியாது, தனியே வெளியே விட முடியாது. பாளையங்கோட்டையில் எங்கள் இருவர் பெயரிலும் ஒரு மாடி வீடு. மாடிக்கு வாடகை 14,000 வருகிறது. வங்கியில் 30 லட்சம் டெபாசிட். அம்பாசமுத்திரம் பக்கம் ஒன்றரை ஏக்கர் வயல், சகோதரர்களோடு கூட்டுப் பட்டாவில் கிடக்கிறது. என் கடைசி அடிப்படைச் சம்பளம் 62,200. "எல்லாத்தையும் மக பேர்ல செட்டில்மென்ட் பண்ணிருங்க, அவ தம்பியப் பாத்துக்கிடுவா" என்கிறார்கள் சொந்தக்காரர்கள். வீட்டை மகன் பெயரில் எழுத வேண்டும் என்கிறாள் மனைவி. டிரஸ்ட் வைக்கச் சொல்கிறார் நண்பர் ஒருவர். எது சரி?

- வாசகர், திருநெல்வேலி மாவட்டம்

பதில்: ஐயா, நண்பர் சொன்ன டிரஸ்ட்தான் சரி, அதாவது சொத்தை நம்பகமான சிலர் பொறுப்பில் விட்டு, பயன் மட்டும் மகனுக்குப் போகும்படி செய்யும் ஏற்பாடு. ஆனால் அந்த டிரஸ்டை இப்போதே பதிவு செய்ய வேண்டியதில்லை. உங்கள் உயிலுக்குள்ளேயே அதை எழுதி வைக்கலாம். ஏன் என்று சொல்வதற்கு முன், மற்ற இரண்டு வழிகளிலும் என்ன கோளாறு என்று பார்த்துவிடுவோம். உங்கள் நிலையில் இருக்கும் பெற்றோரில் பெரும்பாலோர் அந்த இரண்டில் ஒன்றைத்தான் செய்கிறார்கள்.

முதலில் மகள் பெயரில் செட்டில்மென்ட். உங்கள் மகள் நல்லவள் என்பதில் சந்தேகமே வேண்டாம். பிரச்சினை அவள் குணத்தில் இல்லை. செட்டில்மென்ட் பதிவான நிமிடத்திலிருந்து வீடு அவளுடைய சொத்து. உங்களுக்குப் பிறகு, அவள் உயில் எழுதாமல் இறந்துவிட்டால் இந்து வாரிசுரிமைச் சட்டம் 15ஆம் பிரிவின்படி அவள் சொத்து அவளுடைய பிள்ளைக்கும் கணவருக்கும் போகும். தம்பிக்குச் சல்லிக்காசு கிடையாது. மருமகன் தொழிலுக்குக் கடன் வாங்கி, மகள் ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தால் வங்கி அந்த வீட்டின் மேல் கை வைக்கலாம். விவாகரத்து, விபத்து, வெளிநாட்டு வேலை என்று எது வந்தாலும் தம்பியின் கூரையும் சேர்ந்து ஆடும்.

"தம்பியை ஆயுள் முழுக்கப் பராமரிக்க வேண்டும் என்று பத்திரத்தில் நிபந்தனை போட்டால்?" என்று கேட்பீர்கள். போடலாம். அதை மீறினால் யார் வழக்குப் போடுவது? தம்பிக்காகப் போக வேண்டிய கார்டியன் அந்த அக்காவேதான். மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-ன் 23ஆம் பிரிவை நம்பிப் பலர் எழுதிக் கொடுக்கிறார்கள். பராமரிக்காவிட்டால் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம் என்கிற அந்தப் பிரிவு, எழுதிக் கொடுத்த முதியவருக்கான பாதுகாப்பு. நீங்கள் இருவரும் போன பிறகு அந்தக் கதவைத் தட்ட ஆள் இல்லை.

அடுத்து, உங்கள் மனைவி சொல்வது. மகன் பெயரில் எழுதினால் பாதுகாப்பு என்று தோன்றும். ஆனால் ஒப்பந்தத்தின் பொருள் விளங்காதவர் போடும் கையெழுத்து சட்டப்படி செல்லாது. விற்க, அடமானம் வைக்க, ஏன், வாடகை ஒப்பந்தம் போடக்கூட அவன் சார்பில் ஒருவர் அனுமதி வாங்கிக்கொண்டு நிற்க வேண்டும். கூரை ஒழுகி மூன்று லட்சம் செலவு வந்தால், வீட்டின் ஒரு பகுதியை விற்று மறு பகுதியைக் காப்பாற்றலாம் என்ற முடிவை நீதிமன்றத்துக்குப் போகாமல் எடுக்க முடியாது. உயில் எழுதும் திறனும் அவனுக்குச் சட்டப்படி இல்லை. அவனுக்குப் பிறகு அந்தச் சொத்து யாருக்கு என்பதை நீங்கள் தீர்மானிக்க முடியாது, வாரிசுச் சட்டம்தான் தீர்மானிக்கும்.

இவற்றை விடப் பெரிய கோளாறு ஒன்று இருக்கிறது. உங்கள் குடும்பத்தின் மிகப் பெரிய சொத்து வீடு அல்ல, பென்ஷன். நீங்கள் மத்திய அரசு ஓய்வூதியர். உங்களுக்குப் பின் குடும்ப ஓய்வூதியம் மனைவிக்கு. அவருக்கும் பின், பிழைப்புக்குச் சம்பாதிக்க முடியாத மாற்றுத்திறனாளி மகனுக்கு அது ஆயுள் முழுக்க உண்டு. சாதாரண விகிதத்தில் கடைசிச் சம்பளத்தின் 30 சதவீதம்: உங்கள் கணக்கில் 18,660 ரூபாய், அதன் மேல் அகவிலைப்படி. விலைவாசியோடு சேர்ந்து ஏறும் வருமானம் இது. எந்த வங்கி டெபாசிட்டும் இதைத் தராது.

இதற்கு ஒரு வருமான வரம்பு உண்டு. 2021-ல் மாற்றிய விதிப்படி, குடும்ப ஓய்வூதியம் தவிர்த்து அவனுக்கு வேறு வழிகளில் வரும் மொத்த வருமானம், கடைசிச் சம்பளத்தின் 30 சதவீதமும் அதற்கான அகவிலைப்படியும் சேர்ந்த தொகையை விடக் குறைவாக இருக்க வேண்டும். வீட்டையும் டெபாசிட்டையும் அவன் பெயரில் எழுதியிருந்தால் என்ன ஆகும், போட்டுப் பாருங்கள். வாடகை 14,000. 30 லட்சத்துக்கு 7 சதவீத வட்டி என்று வைத்தால் மாதம் 17,500. மொத்தம் 31,500. அகவிலைப்படி 50 சதவீதம் என்று கொண்டால் வரம்பு 27,990. வரம்பைத் தாண்டிவிட்டது. அவனுக்கு நன்மை என்று நினைத்து எழுதிய பத்திரமே அவன் பென்ஷனைப் பறித்துவிடும்.

ஆகவே பென்ஷன் வேலையை முதலில் முடியுங்கள். மாற்றுத்திறனாளிப் பிள்ளையின் பெயரைப் பெற்றோர் உயிரோடு இருக்கும்போதே பி.பி.ஓ.வில் (ஓய்வூதிய ஆணையில்) சேர்க்கச் சொல்லி விண்ணப்பிக்கலாம். நீங்கள் ஓய்வு பெற்ற அலுவலகம் வழியாக, மருத்துவக் குழுவின் சான்றோடு கொடுங்கள். சான்றில் சதவீதம் மட்டும் இருந்தால் போதாது. பிழைப்புக்குச் சம்பாதிக்க முடியாத அளவு பாதிப்பு என்பதும், அது நிரந்தரம் என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். நிரந்தரம் என்று இருந்தால் திரும்பத் திரும்ப மருத்துவக் குழு முன் நிற்கும் பாடு இல்லை. அதே விண்ணப்பத்தில், அவன் சார்பாகப் பணத்தைப் பெறுபவர் யார் என்று நீங்களே பெயர் குறிப்பிடலாம். இதை விட்டுவிடாதீர்கள். பெற்றோர் இருவரும் போன பிறகு அக்கா ஒருத்தி தனியாக ஓடி இதை வாங்குவதற்குள் வருடம் இரண்டு ஓடிவிடும்.

கார்டியன் விஷயத்துக்கு வருவோம். மகனுக்குப் பதினெட்டு வயது முடிந்த அன்றோடு உங்களுக்கே சட்டப்படியான கார்டியன் அதிகாரம் போய்விட்டது. பெற்றவர்கள்தானே என்று யாரும் கேட்காமல் இருப்பதால் அது தெரிவதில்லை. "எனக்குப் பின் மகளே கார்டியன்" என்று உயிலில் எழுதினால் போதும் என்று சிலர் நினைக்கிறார்கள். அந்த அதிகாரம் மைனர் பிள்ளைக்கு மட்டும்தான். வயது வந்தவருக்குச் செல்லாது.

உங்கள் மகனின் குறைபாடு 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்துக்குள் வருகிறது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கும் மட்டுமான சட்டம் அது. மனச்சிதைவு போன்ற மனநோய் இதில் வராது, அதற்கு வழி வேறு. இந்தச் சட்டத்தின்படி ஒவ்வொரு மாவட்டத்திலும் ஆட்சியர் தலைமையில் உள்ளூர் அளவிலான குழு ஒன்று இருக்கிறது. கார்டியனை நியமிப்பது அந்தக் குழு. ஆட்சியர் அலுவலகத்தில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தைக் கேட்டால் படிவம் கிடைக்கும். யு.டி.ஐ.டி. அட்டை (மாற்றுத்திறனாளிக்கான அடையாள அட்டை), ஆதார், வயதுச் சான்று, புகைப்படங்கள், நியமிக்கப்படுபவரின் சம்மதம் ஆகியவற்றைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். இப்போது உங்கள் இருவருக்காக வாங்குங்கள். உங்களுக்குப் பிறகு மகள் உறவினர் என்ற முறையில் புதிதாக மனுப் போடலாம், முந்தைய சான்றும் உயிலில் நீங்கள் எழுதிய விருப்பமும் அவளுக்குத் துணை. வங்கிகள் இந்தச் சான்றை ஏற்று மகன் பெயரில் கணக்குத் திறக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் அறிவுறுத்தல். கிளையில் "கோர்ட் ஆர்டர் கொண்டு வாங்க" என்றால் அதைச் சொல்லுங்கள்.

சான்று வாங்கிப் பீரோவில் வைத்துவிட்டால் வேலை முடியவில்லை. அவன் பெயரில் உள்ள சொத்துப் பட்டியலை நியமனத்திலிருந்து ஆறு மாதத்துக்குள்ளும், ஒவ்வொரு நிதியாண்டு முடிந்து மூன்று மாதத்துக்குள் கணக்கையும் கார்டியன் குழுவிடம் கொடுக்க வேண்டும். அவன் பெயரில் சொத்து குறைவாக இருந்தால் இந்த வேலையும் குறைவு. இதுவும் சொத்தை டிரஸ்டில் வைப்பதற்கு ஒரு காரணம்.

இனி டிரஸ்ட். அதில் சொத்தின் உரிமை டிரஸ்டிகளிடம் இருக்கும், பயன் மட்டும் மகனுக்கு. டிரஸ்டியின் சொந்தக் கடனுக்கு அந்தச் சொத்தைத் தொட முடியாது. மகனின் காலத்துக்குப் பிறகு மிச்சம் யாருக்கு என்பதையும் நீங்களே எழுதிவிடலாம்.

இதை இப்போதே உயிரோடு இருக்கும்போதே பதிவு செய்யலாம், உயில் மூலமாகவும் உருவாக்கலாம். உங்கள் அளவுச் சொத்துக்கு இரண்டாவதே உகந்தது என்பது என் கருத்து. முதல் காரணம் முத்திரைத்தீர்வை. அசையாச் சொத்தை வைத்து டிரஸ்ட் உருவாக்கினால், உயிலாக இருந்தாலொழிய, பத்திரம் எழுதிப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்கிறது 1882ஆம் ஆண்டு டிரஸ்ட் சட்டம். பிள்ளைக்கோ மனைவிக்கோ எழுதும் செட்டில்மென்டுக்குத் தமிழ்நாட்டில் உள்ள சலுகை விகிதம் டிரஸ்டுக்கும் கிடைக்கும் என்று நம்பி இறங்காதீர்கள். உயிலுக்கோ முத்திரைத்தீர்வையே கிடையாது.

இரண்டாவது காரணம் வருமான வரி. "தேவைக்கு ஏற்ப டிரஸ்டிகள் செலவு செய்யலாம்" என்று அவர்கள் விருப்பத்துக்கு விட்ட டிரஸ்டின் வருமானத்துக்கு உச்ச விகிதத்தில் வரி என்பது பொது விதி. 30 சதவீதமும் செஸ்ஸும் போட்டால், உங்கள் வாடகைக்கும் வட்டிக்கும் சேர்த்து ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கு மேல் போய்விடும். உயில் மூலம் ஏற்படுத்தப்பட்ட டிரஸ்ட், அதுவும் அவர் உயிலால் ஏற்படுத்திய ஒரே டிரஸ்ட் என்றால் விதிவிலக்கு உண்டு: சாதாரண அடுக்கு விகிதம்தான். இன்றைய அடுக்குகளில் உங்கள் தொகைக்கு வரியே வராமல் போகலாம். 1961ஆம் ஆண்டுச் சட்டத்தில் இது 164ஆம் பிரிவு. 2026 ஏப்ரல் முதல் புதிய வருமான வரிச் சட்டம் என்பதால் எண் மாறும், ஆடிட்டரிடம் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

"மாதம் இத்தனை ரூபாய் அவனுக்கு உரிமை" என்று தொகையை உறுதி செய்து எழுதினாலும் உச்ச வரி வராதே என்று ஆடிட்டர் சொல்லக்கூடும். வரிக் கணக்கில் அது உண்மை. ஆனால் உரிமையாக எழுதினால் அது அவனுடைய வருமானம் ஆகிவிடும். அப்போது மேலே சொன்ன பென்ஷன் வரம்பில் போய் முட்டும். வரியை மட்டும் பார்ப்பவர் பென்ஷனைப் பார்ப்பதில்லை, பென்ஷனைப் பார்ப்பவர் வரியைப் பார்ப்பதில்லை. ஆகவே உயிலில் எழுதும் வாசகம் இப்படி இருக்கட்டும்: "என் மகனின் உணவு, உறைவிடம், மருத்துவம், பராமரிப்பாளர் ஊதியம், பயிற்சி, பொழுதுபோக்கு ஆகியவற்றுக்காக டிரஸ்டிகள் தங்கள் முடிவின்படி, சம்பந்தப்பட்டவர்களுக்கு நேரடியாகச் செலுத்தலாம். எந்தக் குறிப்பிட்ட தொகையும் அவனுக்கு உரிமையாகாது."

உயில் இரண்டு வேண்டும், உங்களுக்கு ஒன்று, மனைவிக்கு ஒன்று. வீடு இருவர் பெயரிலும் இருப்பதால் நீங்கள் உங்கள் பாதியை மட்டுமே எழுத முடியும். கூட்டாக ஒரே உயில் எழுதிச் சிக்கிக்கொள்ள வேண்டாம். அமைப்பு இரண்டிலும் ஒன்றுதான்: "எனக்குப் பின் முப்பது நாள் என் துணை உயிரோடு இருந்தால் எல்லாம் அவருக்கு. இல்லாவிட்டால் கீழ்க்கண்ட டிரஸ்டிகளிடம், கீழ்க்கண்ட நிபந்தனைகளோடு." முப்பது நாள் என்பது எதற்கு? ஒரே விபத்தில் இருவரும் அடிபட்டு, ஒருவர் இரண்டு நாள் கழித்துப் போனால் சொத்து ஒரு கை மாறி இன்னொரு கை மாறி அலையாமல் இருக்கத்தான். ஒருவர் மறைந்த பிறகு மற்றவர் தன் உயிலை எடுத்துப் பார்த்து, பெயர்கள் இன்னும் பொருந்துகின்றனவா என்று சரி செய்துகொள்ள வேண்டும்.

டிரஸ்டிகளை முடிவு செய்வதுதான் கடினமான இடம். மூன்று பேர் போதும். உங்கள் வயது நண்பர்களைப் போடாதீர்கள். மகனுக்கு இன்னும் நாற்பது, நாற்பத்தைந்து ஆண்டுகள் தேவைப்படலாம், அறுபது வயது டிரஸ்டியால் என்ன பயன்? முப்பத்தைந்திலிருந்து நாற்பத்தைந்துக்குள் பாருங்கள். மகள் ஒருத்தி. உங்கள் பக்கமோ மனைவி பக்கமோ அண்ணன், தம்பி பிள்ளைகளில் கணக்கு வழக்கில் சுத்தமானவர் ஒருவர். மூன்றாவது ஆள் குடும்பத்துக்கு வெளியே: ஆடிட்டரோ, இதே போன்ற பிள்ளையை வளர்க்கும் இன்னொரு பெற்றோரோ. ஒவ்வொருவரிடமும் நேரில் கேட்டுச் சம்மதம் வாங்கிய பிறகே பெயரை எழுதுங்கள். ஒருவர் விலகினாலோ இறந்தாலோ அந்த இடத்துக்கு யார் என்று இரண்டு பெயர் வரிசையாக எழுதி, அதுவும் தீர்ந்தால் மீதி டிரஸ்டிகளே ஒருவரைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று அதிகாரம் கொடுங்கள். இந்த ஒரு வரி இருந்தால் ஆள் நியமிப்பது யார் என்ற தகராறு வராது.

இங்கே கசப்பான ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மகனுக்குப் பின் மிச்சமெல்லாம் மகளுக்கு என்று எழுதிவிட்டு அவளையே பணத்துக்கு ஒற்றைப் பொறுப்பாளராக்கினால், தம்பிக்குச் செலவழிக்காத ஒவ்வொரு ரூபாயும் அவளுக்கு மிஞ்சும் ரூபாய் ஆகிறது. அவள் அப்படி நினைக்கவே மாட்டாள். ஊர் நினைக்கும், நாளைக்கு மருமகனின் உறவினர்கள் நினைப்பார்கள். அந்தச் சங்கடத்தில் அவளைத் தள்ளாதீர்கள். பராமரிப்பு அவள் பொறுப்பு, பணம் பெரும்பான்மை டிரஸ்டிகள் பொறுப்பு என்று பிரித்துவிடுங்கள். வங்கிக் கணக்கில் எப்போதும் இரண்டு கையெழுத்து. மிச்சத்தில் ஒரு பகுதி பேரக்குழந்தைக்கு, ஒரு பகுதி அவனைக் கடைசி வரை வைத்துப் பார்த்த இல்லத்துக்கு என்று எழுதலாம். இல்லத்துக்கும் அவனை நன்றாகப் பார்க்க ஒரு காரணம் இருக்கும்.

உயிலில் டிரஸ்டிகளுக்கு என்னென்ன அதிகாரம் என்று விரிவாக எழுதச் சொல்லுங்கள். சட்டம் தானாகக் கொடுக்கும் முதலீட்டு அனுமதி குறுகலானது. வங்கி டெபாசிட், அஞ்சலகத் திட்டம், மியூச்சுவல் ஃபண்ட் என்று பெயர் சொல்லி அனுமதி கொடுங்கள். இன்று அவன் செலவு மாதம் 30,000 என்று வைத்தால், ஆண்டுக்கு 6 சதவீத விலையேற்றத்தில் இருபது ஆண்டில் அது 96,000 ஆகும். முழுப் பணத்தையும் டெபாசிட்டிலேயே வைத்தால் ஈடுகட்டாது. வீட்டை விற்கும் அதிகாரமும் கொடுங்கள், மூவரும் சம்மதித்தால் மட்டும், மகனுக்கு மாற்று இருப்பிடம் ஏற்பாடான பிறகு மட்டும் என்ற கட்டுப்பாட்டோடு. "வீட்டை எக்காலத்தும் விற்கக் கூடாது" என்று உணர்ச்சிவசப்பட்டு எழுதும் பெற்றோர் நிறையப் பேர். இருபது வருடம் கழித்து இடிந்து விழும் வீட்டோடு டிரஸ்டிகள் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். டிரஸ்டிகளுக்குக் கடன் கொடுக்கக் கூடாது, டிரஸ்ட் சொத்தை டிரஸ்டிகள் வாங்கக் கூடாது என்பதைத் தனி வரியாகப் போடுங்கள். சம்பளம் எழுதாவிட்டால் டிரஸ்டிக்குச் சம்பளம் கேட்கும் உரிமை இல்லை. வெளியாளுக்கு ஆண்டுக்கு ஒரு தொகை எழுதுங்கள். ஓசியில் நாற்பது வருடம் யாரும் கணக்கு எழுத மாட்டார்கள். கணக்கை ஆண்டுதோறும் ஆடிட்டர் பார்த்து, ஒரு நகல் கார்டியனுக்குப் போக வேண்டும் என்றும் இருக்கட்டும்.

உயில் எழுதும் முறை எல்லோருக்கும் தெரிந்ததுதான், ஆனாலும் தப்பு நடக்கும் இடங்களை மட்டும் சொல்கிறேன். வெள்ளைத் தாள் போதும். ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து. இரண்டு சாட்சிகள், இருவரும் நீங்கள் கையெழுத்துப் போடுவதைப் பார்த்திருக்க வேண்டும். சாட்சிகள் உங்களை விட இளையவர்களாக, உயிலில் பயன் பெறாதவர்களாக, டிரஸ்டிகள் அல்லாதவர்களாக இருக்கட்டும். பிற்காலத்தில் உயிலை நிரூபிக்க ஒரு சாட்சியாவது கோர்ட்டில் வந்து சொல்ல வேண்டும். பதிவு செய்த உயிலுக்கும் இதே கதைதான். பதிவு கட்டாயமில்லை, இருந்தாலும் உங்கள் விஷயத்தில் செய்துவிடுங்கள், செலவு சொற்பம். உயில் வில்லங்கச் சான்றில் வராது. அது தனிப் புத்தகத்தில் பதிவாகிறது, யாராவது வில்லங்கம் போட்டுப் பார்த்து "உயிலே இல்லை" என்று சொன்னால் நம்ப வேண்டாம். அன்றைய தேதியில் நல்ல நினைவோடு இருக்கிறீர்கள் என்று மருத்துவர் சான்று ஒன்று வாங்கி இணையுங்கள். சொத்து விவரத்தில் கதவு எண் மட்டும் போதாது, சர்வே எண், பட்டா எண், நான்கெல்லை, மூலப்பத்திர எண், ஆண்டு எல்லாம் வேண்டும். "இதில் சொல்லாத மற்ற எல்லாச் சொத்தும் டிரஸ்டுக்கே" என்ற வரி கடைசியில் இருக்கட்டும். அசலை உங்கள் ஒற்றைப் பெயரில் உள்ள லாக்கரில் வைக்காதீர்கள், அதைத் திறக்கவே தனி நடைமுறை வேண்டும். உங்கள் ஊர்ச் சொத்துக்கு புரொபேட் (உயில் உண்மையானது என்று நீதிமன்றம் தரும் சான்று) கட்டாயமில்லை.

நாமினி பெயர்களை உயிலோடு ஒத்துப்போகும்படி மாற்றுங்கள். வங்கி டெபாசிட்டில் நாமினி பணத்தை வாங்கிக் கொடுப்பவர்தான், சொந்தக்காரர் அல்ல. மகனை நாமினியாகப் போட்டிருந்தால் நீக்குங்கள், பணம் வாங்கக் கார்டியனைத் தேடி அலைய வேண்டும். 2025 நவம்பர் முதல் வங்கிக் கணக்கில் நான்கு நாமினி வரை போடலாம், ஒருவருக்குப் பின் ஒருவர் என்றும் போடலாம். முதலில் மனைவி, அடுத்து மகள் என்று வரிசையாக எழுதுங்கள். ஆயுள் காப்பீடு இருந்தால் அங்கே விதி வேறு: மனைவி, பிள்ளை, பெற்றோர் நாமினியாக இருந்தால் பணம் அவர்களுக்கே உரிமை, உயிலால் அதை மாற்ற முடியாது.

வயலைப் பற்றி ஒரு கேள்விக்கு நீங்கள்தான் விடை தேட வேண்டும். அது உங்கள் அப்பாவின் சுய சம்பாத்தியமா, அவருக்கு முன்பிருந்தே வந்த பூர்வீகமா? சுய சம்பாத்தியமாக இருந்து, அவர் 1956-க்குப் பிறகு உயில் எழுதாமல் இறந்திருந்தால் உங்கள் பங்கு உங்கள் தனிச் சொத்து, உயிலில் எழுதலாம். பூர்வீகம் என்றால் உங்கள் கிளைக்கு வரும் பங்கில் மகனுக்கும் மகளுக்கும் பிறப்பிலேயே உரிமை உண்டு. மகன் பங்கை நீங்கள் டிரஸ்டுக்கு எழுத முடியாது. எதுவானாலும் சகோதரர்கள் உயிரோடும் சுமுகமாகவும் இருக்கும்போதே பாகப்பிரிவினைப் பத்திரம் போட்டுத் தனிப் பட்டா வாங்குங்கள். அடுத்த தலைமுறைக்குப் போனால் பதினைந்து கையெழுத்து தேடும் வேலை அது. பூர்வீகமல்ல என்று தெரிந்தால் உங்கள் பங்கு வயலை மகளுக்கே எழுதிவிடுங்கள் என்பேன். அவளுக்கென்று ஒன்று தனியாக இருந்தால், மற்றது தம்பி டிரஸ்டுக்குப் போவதில் மனவருத்தம் வராது. ஏன் இப்படிப் பிரித்தீர்கள் என்று உயிலிலேயே நான்கு வரி எழுதுங்கள்.

உயில் நடைமுறைக்கு வந்து, டிரஸ்டுக்கு பான் எண் வாங்கி, கணக்குத் திறந்து பணம் புரள மாதங்கள் ஆகும். அந்த இடைவெளிக்கு இரண்டு லட்சம் ரூபாயை மகளும் நீங்களும் "இருவரில் ஒருவர் அல்லது பிழைத்திருப்பவர்" என்ற முறையில் வைத்திருக்கும் கணக்கில் ஒதுக்குங்கள்.

கடைசியாக, வக்கீல் எழுத முடியாத ஒரு ஆவணம். ஒரு நீள நோட்டு வாங்கி மகனைப் பற்றி எழுதுங்கள். எந்த மாத்திரை, எத்தனை மில்லிகிராம், சாப்பாட்டுக்கு முன்னா பின்னா. வலிப்பு வந்தால் எவ்வளவு நேரம் காத்திருப்பது, எப்போது ஆஸ்பத்திரி. சோற்றைப் பிசைந்து கொடுக்க வேண்டுமா, ரசத்தைத் தனிக் கிண்ணத்தில்தான் குடிப்பானா. குக்கர் விசில் கேட்டால் காதைப் பொத்துவானா. பல் வலித்தால் வாயைக் காட்டுவானா, இல்லை தலையில் அடித்துக்கொள்வானா. "அஃகா" என்று அவன் சொன்னால் தண்ணீர் என்று அர்த்தமா, பாத்ரூம் என்று அர்த்தமா. உங்கள் இருவர் தலைக்குள் மட்டும் இருக்கும் இந்த அகராதி புதிய பராமரிப்பாளர் கைக்குப் போக வேறு வழியில்லை. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை தேதி போட்டுத் திருத்துங்கள். அவன் தங்க நேரக்கூடிய இல்லங்களை இப்போதே போய்ப் பாருங்கள், அனுமதித்தால் வருடத்துக்கு ஒரு வாரம் அங்கே தங்கவையுங்கள். அம்மா இறந்த அன்றைக்கே வீடும் மாறினால் அவனால் தாங்க முடியாது.

இந்த வரிசையில் செய்யுங்கள்: இந்த மாதம் பென்ஷன் விண்ணப்பமும் மருத்துவக் குழுச் சான்றும், கூடவே கார்டியன் மனு. அடுத்து நாமினி மாற்றம். உயில் வரைவு கைக்கு வந்ததும், கையெழுத்துக்கு முன் மகளையும் மருமகனையும் வரவழைத்து உட்கார வைத்துப் படித்துக் காட்டுங்கள். பிற்காலத்தில் உயிலை எதிர்க்கக்கூடிய ஒரே வாரிசு அவள்தான். "எனக்கு இவ்வளவு பொறுப்பு வேண்டாம்" என்று அவள் சொன்னால் கோபப்படாதீர்கள். கார்டியன் யார், தம்பி எங்கே தங்குவது என்று அந்த இடத்தை மாற்றி எழுத இன்னும் நேரம் இருக்கிறது.